மலைக்குடிலா, கனேரியாவா: நோர்வேக்காரரின் விடுமுறைக் கணக்கு

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வாருங்கள். ஜூலையில் நோர்வேயை விட்டு வெளியே போவது காசைக் கரியாக்கும் வேலை. நவம்பர், டிசம்பரில் நோர்வேக்குள்ளேயே லீவு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிட மோசம். ஆனால் ஒஸ்லோவில் என்னைச் சுற்றியிருக்கும் பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த நோர்வேக்காரரும் சரி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தலை நரைத்த எங்கள் ஆட்களும் சரி.

ஏன் என்று கேட்டால், காசு வரும் நேரம் அப்படி. லீவில் இருக்கும் நாட்களுக்கு இங்கே வழக்கமான சம்பளம் கிடையாது, அதற்குப் பதிலாக முந்தைய வருடம் உழைத்ததில் 10.2 சதவீதம், ஐந்து வார லீவுக்கு ஒப்பந்தம் உள்ள இடங்களில் 12 சதவீதம், விடுமுறைப் பணமாகப் பெரும்பாலும் ஜூனில் மொத்தமாக வந்து விழும். ஜூலையில் மூன்று வாரம் தொழிற்சாலைகளும் கட்டட வேலைகளும் கிட்டத்தட்ட நின்றே போய்விடும், பல் வைத்தியரைக்கூடப் பிடிக்க முடியாது. கையில் காசு, முன்னால் லீவு, வானத்தில் ஒரு கறுத்த மேகம். உடனே ஸ்பெயின் கடற்கரையிலுள்ள அலிகாந்தேக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள், அதுவும் வருடத்திலேயே விலை உச்சியில் இருக்கும் வாரத்துக்கு.

வெளிச்சக் கணக்கைப் பாருங்கள். ஜூன் கடைசியில் ஒஸ்லோவில் பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம். நாட்டின் வடக்கே துரோம்சோவில் மே 20 அளவில் தொடங்கி ஜூலை 22 அளவு வரை சூரியன் மறைவதே இல்லை. டிசம்பர் 21 வந்தால் அதே ஒஸ்லோவில் காலை 9 மணி தாண்டித்தான் சூரியன் தலைகாட்டும், பிற்பகல் 3 மணி தாண்டியதும் போய்விடும். ஆறு மணி நேரம்கூடத் தேறாது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. துரோம்சோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியனைக் கண்ணால் காண முடியாது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள ஸ்பெயினின் கனேரியத் தீவுகளில் ஒன்றான கிரான் கனேரியாவோ 28ஆம் அகலக்கோட்டில் கிடக்கிறது, வருடத்தின் மிகக் குறுகிய நாளிலும் பத்து மணி நேரத்துக்கு மேல் பகல், வெப்பமும் 20 பாகையைத் தாண்டும். நோர்வேக்காரர் குளிருக்கு அசைய மாட்டார்கள், அதற்குக் கம்பளி உள்ளாடை இருக்கிறது. இருட்டுக்கு உடுப்பு இல்லை.

சரி, குடில் பக்கம் வருவோம். ஹித்தே என்று இவர்கள் சொல்லும் விடுமுறைக் குடில், மலையிலோ கடற்கரையிலோ இருக்கும் மரவீடு. நாட்டின் சனத்தொகை 55 லட்சத்துக்குச் சற்று மேல், குடில்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். சொந்தமாக இல்லாதவருக்கு மாமனாருடையதாவது இருக்கும். குடில் இவர்களுக்கு எவ்வளவு உயிர் என்பது 2020 மார்ச்சில் நன்றாகத் தெரிந்தது. கொரோனா பரவியபோது, தான் வசிக்கும் நகராட்சிக்கு வெளியே உள்ள சொந்தக் குடிலில் யாரும் இரவு தங்கக்கூடாது என்று அரசு தடை போட்டது. நகரத்துச் சனமெல்லாம் போய் இறங்கினால் சின்ன மலை ஊர்களின் வைத்திய வசதி தாங்காது என்பது காரணம். பள்ளிக்கூடங்களை மூடியபோது பொறுமையாக இருந்த மனிதர்கள் இதற்குக் கொதித்துப் போனார்கள். ஏப்ரல் 20 இல் தடை நீங்கியது, அதற்குள் ஈஸ்டர் முடிந்துவிட்டது.

அந்தக் கொதிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை, ஏனென்றால் ஈஸ்டர்தான் குடிலின் உச்சம். பகல் நீண்டிருக்கும், பனியும் இன்னும் கிடக்கும். மரச்சுவரில் முதுகைச் சாய்த்து, மான்தோலை விரித்துப் பனிமேல் உட்கார்ந்து, கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு தோடம்பழத்தை உரித்துத் தின்பார்கள், பக்கத்தில் 1937 இலிருந்து விற்கும் குவிக் லுன்ஷ் சாக்லேட், மடியில் ஒரு கொலைக்கதை. ஈஸ்டருக்குக் கொலைக்கதை வாசிப்பது 1923 இல் தொடங்கிய பழக்கம், பால் பெட்டியில்கூடத் துப்பறியும் படக்கதை அச்சிட்டு வரும். இயேசுவின் பாடுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், யாருக்கும் கவலை இல்லை.

மறுபக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமை மதியமே ஒஸ்லோ காலியாகத் தொடங்கும், சாண்ட்விகாவிலிருந்து மேலே ஏறும் ஈ16 சாலையில் கார்கள் நத்தையாக ஊரும், பின் இருக்கையில் பிள்ளைகள் எப்போது வரும் எப்போது வரும் என்று உயிரை எடுக்கும். போய்ச் சேர்ந்தால் ஓய்வா? கூரைப் பனியை அள்ளு, தண்ணீர்க் குழாய் உறைந்ததா பார், எலி குடித்தனம் நடத்தியதா பார். கோடையில் போனால் சுவருக்குப் பூச்சு அடி. மூன்று பிள்ளைகளுக்கு அப்பா எழுதிவைத்த குடில் என்றால் யாருக்கு எந்த வாரம் என்று பட்டியல் போட வேண்டும், ஈஸ்டர் வாரத்துக்காகப் பேச்சுவார்த்தை முறிந்த சகோதரர்கள் உண்டு. முன்பெல்லாம் மின்சாரம் இல்லை, தண்ணீரை ஓடையில் மொள்ள வேண்டும், கழிப்பறை வெளியே, அதுதான் பெருமை. இப்போது ஹெம்செடால், துரிசில் பக்கம் கட்டுவதெல்லாம் சுடுநீர்த் தொட்டி, பாத்திரம் கழுவும் மெஷின், வாசலில் மின்காருக்குச் சார்ஜர் என்று நகரத்து வீட்டையே தூக்கி மலையில் வைத்தது போல. அதற்கு வங்கிக் கடனும் எடுத்துவிட்டு எளிமையான வாழ்க்கை என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

மாமனார் குடிலும் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, உண்மையில் அதுதான் சொந்தக் குடிலைவிட மேல் என்பேன். 1868 இல் தொடங்கிய நோர்வே சுற்றுலாச் சங்கத்துக்கு நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட மலைக்குடில்கள் இருக்கின்றன. சிலவற்றில் ஆட்கள் இருந்து சமைத்துப் போடுவார்கள். நான் சொல்வது ஆளில்லாத குடில்களை. உறுப்பினராகச் சேர்ந்தால் ஒரு சாவி தருவார்கள், பூட்டியிருக்கும் குடில்களில் பெரும்பாலானவற்றுக்கு அதே சாவிதான். சிவப்பு டி எழுத்துப் பூசிய கற்களைப் பார்த்துப் பார்த்து நடந்து, நனைந்த காலோடு உள்ளே போனால், அடுப்புக்குப் பக்கத்தில் முன்பு தங்கியவர் பிளந்துவைத்த விறகும் தீக்குச்சியும் தயாராக இருக்கும். சாமான் அறையில் பட்டாணி சூப் பொடி, தகரத்தில் அடைத்த மீன் உருண்டை, மொறுமொறு ரொட்டி, பீச் பழ டின். எடுத்ததை எழுதிவைத்துவிட்டு அப்புறம் பணம் கட்ட வேண்டும். கல்லா கிடையாது, கமெரா கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. காலையில் கிளம்புமுன் தரையைப் பெருக்கி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, அடுத்தவருக்கு விறகு பிளந்துவைத்துவிட்டுப் போவீர்கள், யாரும் சொல்லாமலே. கூரைக்கு பூச்சடிக்கும் கவலை உங்களுக்கு இல்லை, அடுத்த வருடம் வேறு மலைக்குப் போகலாம்.

கூடாரம் இருந்தால் அதுவும் வேண்டாம். 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிரிடாத காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம், ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இரண்டு இரவு வரை யாரிடமும் கேட்காமல் கூடாரம் போடலாம். ஜூலையில் இதைவிட மலிவான விடுமுறை ஐரோப்பாவில் எங்கே கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் விலைவாசியால் உலகமே பயப்படும் ஒரு நாட்டில். மழை வந்தால்? வரும். மேற்குக் கரையின் பெர்கனில் வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அதனால்தான் ஜூலை லீவுக்கு மேற்குக் கரையையே கட்டிப்பிடித்து அழ வேண்டாம் என்கிறேன். மேற்கிலிருந்து வரும் மழையை மலைகள் வாங்கிக்கொள்வதால் ரொண்டானே மலைப் பக்கம் நாட்டின் வறண்ட பகுதிகளில் ஒன்று, 604 மீட்டர் உயரப் பிரைக்கஸ்தூலன் பாறையில் செல்பிக்கு வரிசையில் நிற்கும் கூட்டமும் அங்கே இல்லை.

இனி தெற்கு. நோர்வேக்காரர் தெற்குக்குப் போகிறோம் என்றால் கனேரியத் தீவுகள், மயோர்க்கா, அலிகாந்தே எல்லாம் அதற்குள் அடக்கம், ஊர் முக்கியமில்லை. இதை மட்டமாகப் பேசும் ஒரு கூட்டம் ஒஸ்லோவில் உண்டு, நீச்சல் குளத்தில் கிடந்து பியர் குடிக்கத்தானே போகிறார்கள் என்று. சரி, அதில் என்ன குற்றம்? நோர்வேயில் விற்பனை வரி 25 சதவீதம், மதுவுக்குத் தனி வரி வேறு, 4.7 சதவீதத்துக்கு மேல் சாராயம் உள்ள எதையும் அரசின் மதுக்கடையில்தான் வாங்க வேண்டும், அதுவும் ஞாயிறு பூட்டு. ஒஸ்லோவில் அரை லிட்டர் பியர் சர்வசாதாரணமாக 100 குரோனரைத் தாண்டுகிறது. கனேரியாவில் பொது விற்பனை வரி 7 சதவீதம், ஸ்பெயின் பெருநிலத்தில் உள்ள 21 சதவீதம்கூட அங்கே இல்லை. குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவது அங்கே ஒரு சாதாரண மாலை, இங்கே பட்ஜெட் போட்டு எடுக்கும் முடிவு.

பியரை விடுங்கள், நான் ரசிப்பது வேறொன்றை. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். வருடக்கணக்கில் படிக்கட்டில் பார்க்கும்போது ஒரு தலையசைப்பு, லிப்டில் ஏறினால் இரண்டு பேரும் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். ஒரு டிசம்பரில் கிரான் கனேரியாவின் ஆர்கினெகின் ஊரில், நோர்வே மாலுமிகள் தேவாலயத்தின் முற்றத்தில் அவரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்து, முழங்கால் அறுவை சிகிச்சையிலிருந்து மருமகளின் பூனை வரை எல்லாம் சொன்னார், இடையில் எனக்கு ஒரு வாபிளும் வாங்கிவந்தார், மேலே பழுப்புப் பாலாடைக்கட்டியும் ஜாமும். அந்தத் தேவாலயச் சங்கம் 1864 இல் வெளிநாட்டுத் துறைமுகங்களில் அலையும் மாலுமிகளுக்காகத் தொடங்கியது, இப்போது வெயில் தேடி வரும் ஓய்வூதியக்காரருக்கு வாபிள் சுடுகிறது. பக்கத்திலேயே நோர்வேப் பள்ளிக்கூடம்கூட உண்டு. ஜனவரியில் ஒஸ்லோ திரும்பினோம், லிப்டில் மறுபடி தலையசைப்பு. கோபமெல்லாம் இல்லை, இவர்களுக்குப் பேச இடம் மாற வேண்டும், அவ்வளவுதான். மலையிலும் இதேதான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையைப் பையால் மறைத்துக்கொள்ளும் அதே ஆள் ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்தால் சிரித்து வணக்கம் சொல்வார், பாதை எப்படி என்றும் சொல்வார். பழகும் விஷயத்தில் குடிலும் தெற்கும் சமம், தோற்பது ஒஸ்லோ மட்டும்தான்.

ஆனால் அதே தெற்கு ஜூலையில் வேறு முகம். அலிகாந்தேயில் பகல் 30 பாகைக்கு மேல், நோர்வேக் குழந்தைகள் நண்பகலில் இறால் நிறத்துக்கு மாறி அறைக்குள் ஏசியில் அடைந்து கிடப்பார்கள். வீட்டில் 18 மணி நேர வெளிச்சத்தை விட்டுவிட்டு, அதிகக் காசு கொடுத்து, திரை மூடிய அறைக்குள் படுப்பதற்கு ஆறு பேர் குடும்பம் விமானம் ஏற வேண்டுமா? கூட்டத்தால் அந்த ஊர்க்காரருக்கும் மூச்சுமுட்டுகிறது. 2024 ஏப்ரலில் கனேரியா மக்கள் பல்லாயிரக்கணக்கில் தெருவில் இறங்கி, வாடகையும் தண்ணீரும் எங்கள் கையை மீறுகின்றன என்று சுற்றுலாவுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். டிசம்பரில் போகும் எனக்கும் அதில் பங்கு உண்டுதான்.

மூன்றாவதாக ஒன்றைச் சிலர் இழுப்பார்கள், 1893 இலிருந்து ஓடும் கரையோரக் கப்பல். பெர்கனிலிருந்து கிர்க்கனெஸ் போய்த் திரும்ப 12 நாள், 34 துறைமுகம். முழுப் பயணமும் போக வசதி வேண்டும், அதில் வருபவர்களில் வெளிநாட்டு முதியவர்கள் ஏராளம். வடக்கே போதூவிலிருந்து லொபோத்தன் தீவுகளுக்கு என்று ஒரு துண்டுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து மேல்தட்டில் உட்கார்ந்து போகலாம், அது போதும். அதைவிட எனக்குப் பிடித்தது 1909 இல் திறந்த பெர்கன் ரயில்தான். 1222 மீட்டரில் இருக்கும் பின்சே நிலையத்துக்குக் கார்ச் சாலையே கிடையாது, ஜூலையில் இறங்கினால் எதிரே பனியாறு, சட்டைக் கையோடு நிற்கலாம்.

ஆக, யாருக்கு எது? வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்றால் கை கட்டப்பட்டிருக்கிறது. ஒஸ்லோவில் குளிர்கால லீவு வருடத்தின் 8ஆவது வாரம், இலையுதிர்கால லீவு 40ஆவது வாரம், அந்த இரண்டு வாரமும் விமானக் கம்பனிகளுக்கு அறுவடை. அப்படியானால் 8ஆவது வாரத்தில் பனிச்சறுக்கை எடுத்துக்கொண்டு உள்ளூரிலேயே இருங்கள், பெப்ரவரியில் வெளிச்சமும் திரும்பத் தொடங்கியிருக்கும், தெற்கை 40ஆவது வாரத்துக்கு வையுங்கள், கடல் அப்போது இன்னும் சூடாக இருக்கும். பள்ளித் தொல்லை இல்லாதவர்கள் நவம்பர் நடுவில், கிறிஸ்மஸ் விலையேறுமுன், கனேரியாவுக்குப் போய்விடுங்கள். இனிய கோடையையும் விடுமுறைப் பணத்தையும் ஜூனில் ஒன்றாகப் பார்த்து மயங்காமல், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால் நவம்பர் டிக்கெட்டுக்கு அது தாராளமாகக் காணும்.