பெட்டியில் வந்த குளிசை

டொரொண்டோவிலிருந்து ஊருக்குப் போகிறவரின் பெட்டியில் என்ன இருக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொக்லேட், கோடாலித் தைலம், பெரிய போத்தலில் நோவுக் குளிசை. இரண்டு வருடத்துக்கு முன் போனபோது நான் இன்னொன்றும் கொண்டுபோனேன்: தொண்டை நோவுக்கு எனக்கு எழுதித் தந்த அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக், அதாவது பக்டீரியாக் கிருமியைக் கொல்லும் குளிசை. நோவு விட்டதும் நாலாம் நாளே நிறுத்தியிருந்தேன். மிச்சத்தை மட்டக்களப்புக் கல்லடியில் பெரியம்மாவின் அலுமாரியில் வைத்து, "நல்ல மருந்து, கவனமாக வைத்திருங்கள்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன்.

இந்த முறை போய் இறங்கியபோது பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். வாவிக்கரையில் சிப்பி குதிகாலை வெட்டியிருக்கிறது. சீனி வருத்தக்காரி, காயம் ஆறவில்லை. அலுமாரிக் குளிசையில் மூன்று குடித்திருக்கிறார். மற்றவை எப்போதோ அயல்வீடுகளுக்குப் போய்விட்டனவாம். பிறகு பாமசியில் நான்கு வாங்கிக் குடித்திருக்கிறார். வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் கடைக்காரரும் ஊர், பெரியம்மாவும் ஊர்; சட்டம் மட்டும் கொழும்பு.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஒரு சதம் வாங்காமல் பார்த்தார்கள், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டு தாதிமார் அந்த வார்டு முழுவதையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வந்தது, சவர்க்காரம் இல்லை. சுவரில் மாட்டியிருந்த கைச்சுத்திகரிப்புப் போத்தலை அழுத்தினால் காற்றுத்தான் வந்தது. பார்வையாளர் நேரமானால் சொந்தக்காரர் கூட்டமாக வந்து கட்டிலிலேயே உட்காருவார்கள். நானும் உட்கார்ந்தேன். பெரியம்மாவின் காலைத் தடவிவிட்டு, அதே கையால் பக்கத்துக் கட்டில் ஆச்சிக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். பாசம் என்றுதான் நினைத்தேன்.

சீழ் எடுத்து அனுப்பிய பரிசோதனை முடிவு மூன்றாம் நாள் வந்தது. ஒரு பக்கம் மருந்துப் பெயர்கள், எதிரே ஒற்றை எழுத்து. 'எஸ்' என்றால் மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். "எம்ஆர்எஸ்ஏ" என்றார் இளம் வைத்தியர். மெதிசிலின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்த கையோடு, 1961இலேயே இங்கிலாந்தில் அதற்கு அடங்காமல் கண்டுபிடிக்கப்பட்ட கிருமி. அமொக்சிசிலின் அதற்குப் பச்சைத் தண்ணீர். அதற்குக் கேட்கக்கூடிய வான்கோமைசின் என்ற மருந்தைச் சேலைனில் ஏற்றத் தொடங்கினார்கள்.

"இங்கே வந்து பிடித்ததா?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். வெளிநாட்டுக்காரன் தொனி என் காதுக்கே கேட்டது.

"இருக்கலாம். வீட்டிலிருந்தே வந்திருக்கவும் கூடும். இது கையோடு போகிற கிருமி. அதற்கு முன் என்ன குடித்தார்?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை, கைப்பேசியைத் தோண்டினேன். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் 12.7 இலட்சம் என்பது ஆய்வாளர் கணிப்பு. அதைவிட என்னை உலுக்கியது பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் தன் நோபல் உரையில் சொன்ன ஒரு கற்பனைக் கதை. தொண்டை நோவு வந்த ஒருவர் தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் குடிக்கிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றுகிறது; மருந்து கேட்கவில்லை, அவர் இறந்துவிடுகிறார். தொண்டை நோவு உட்பட அது என் கதைதான். நல்ல வேளை, பெரியம்மா இறக்கவில்லை.

மறுநாள் சவர்க்காரக் கட்டிகளும் கைச்சுத்திகரிப்புப் போத்தல்களும் வாங்கிக்கொண்டு போனேன். தாதி ஒருவர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். இரண்டு நாளில் தீர்ந்தன. உறவினரைக் கட்டிலில் உட்கார வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கனடா போனதும் ஆளுக்கு அருவருப்பு வந்துவிட்டது" என்று சின்னமாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியம்மா பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தார். குதிகாலில் கொஞ்சம் போய்விட்டது, கால் மிஞ்சியது. நான் புறப்படும் நாள் காலையில் கிட்டக் கூப்பிட்டார்.

"மகன், அந்தச் சிவப்பும் மஞ்சளுமான குளிசை இந்த முறையும் கொண்டுவந்தாயா?"

"இல்லை பெரியம்மா" என்றேன். பெட்டியின் பக்கப் பைக்குள் ஒன்பது இருந்தன.