அம்பாசடர் பின் பட்டை வேலை: மாதவரம் லாரிப் பட்டறை எப்படி?

பட்டை (பின்பக்க எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் அடுக்கு) வேலை சுத்தம். இரண்டு பக்கமும் சேர்த்தே இறக்கி, துருவைத் தேய்த்து, இடையிடையே கிராஃபைட் கிரீஸ் தடவி, அடுக்கை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டைப் புதிதாகப் போட்டுக் கட்டுகிறார்கள். வளைவும் ஒன்றுபோல வருகிறது.

சொதப்புவது மாட்டும்போதுதான். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். அதிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு வைக்கச் சொல்லுங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் தட்டின் குழியில் உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தவறினால் ஆக்ஸில் கோணலாகி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் பழைய யூ போல்ட் நான்கையும் திரும்ப மாட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். இழுபட்ட மரை பிடிக்காது.

லாரிக் கை அல்லவா, கூடுதலாக ஒரு பட்டை செருகலாமா என்பார்கள். அம்பாசடரின் சொகுசே போய்விடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கக் கூலி கேட்பதில்லை.