கேனான் 50 எம்எம் 1.8 எஸ்டிஎம்: முகம் எடுத்துப் பழக இது போதும்

போர்ட்ரெய்ட் எடுத்துப் பழகணும், எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கேமராவை மாற்றாதீர்கள், இந்த லென்ஸை வாங்குங்கள். என்னிடம் இருப்பது பழைய கேனான் 200டி கேமரா. நான் வாங்கியபோது லென்ஸ் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது.

கேமராவோடு வருகிற 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, 5.6-க்கு மேல் திறக்காது. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். இந்த லென்ஸ் 1.8 வரை திறக்கும், அதாவது ஒன்பது மடங்குக்கும் அதிகமான வெளிச்சம். விளக்கு வைக்கிற நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துவிடலாம். எடை 160 கிராம்தான். 2015-ல் வந்த மாடல் இது. இதற்கு முந்தையதில் கேமராவில் மாட்டும் பகுதி பிளாஸ்டிக், இதில் உலோகம்.

புதிதாக வாங்குபவர்கள் 1.8-லேயே வைத்து எடுக்கிறார்கள். பின்னணி கரைந்து போவதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில், 200டி மாதிரி கேமராவில், 1.8-ல் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட வராது. எங்கள் தெரு இட்லிக்கடை அக்காவை அப்படி எடுத்தால் மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், கண் மங்கிவிடும். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டால் முன்னால் இருப்பதைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். 200டி-யில் திரையைத் திறந்து, நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணின் மேல் விரலால் தொட்டு எடுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று அப்பர்ச்சரை 4-ல் வைத்தால் முழு முகமும் தெளிவாக வரும். பின்னால் இருக்கும் சுவர் தள்ளி இருந்தால் அப்போதும் அழகாக மங்கும்.

அந்த ஒன்றரை மீட்டர்தான் இந்த லென்ஸில் எனக்குப் பிடித்த விஷயம். அங்கே நின்றால் தலையிலிருந்து மார்பு வரை சரியாக ஃபிரேமில் அடங்குகிறது. 18-55 லென்ஸை 18-ல் வைத்து, கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. சாதாரணமாக நின்று பேசுகிற தூரமும் அதுவே. அக்கா மாவு ஊற்றிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லுவார், நான் கேட்டுக்கொண்டே எடுப்பேன். ஜூம் கிடையாது, நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். நடக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதும் தானாகக் கண்ணில் படத் தொடங்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த லென்ஸில் முகம் ஃபிரேமை நிறைத்துவிடுவதால் கேமராவின் வெளிச்சக் கணக்கு முகத்தை வைத்தே நடக்கும். கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த முகம் நிறைந்திருந்தால் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அதிகம் தெரிந்தால் முகத்தை இருட்டடித்துவிடும். முதலாவதற்கு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப்பில் (வெளிச்சம் இருமடங்காகும் அல்லது பாதியாகும் அளவு) மூன்றில் இரண்டு பங்கு குறையுங்கள், இரண்டாவதற்கு அதே அளவு கூட்டுங்கள். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "என் கறுப்பு அப்படியே வந்திருக்கே தம்பி, நல்லாருக்கு" என்றார். ஸ்டுடியோக்காரர்கள் அவரை எப்போதும் பவுடர் பூசின மாதிரி வெளுப்பாக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் முகங்களை அவற்றின் நிறத்திலேயே எடுக்கப் பழகுவது, பின்னணியை மங்க வைப்பதைவிட முக்கியம்.

குறைகளும் உண்டு. எட்டுக்குப் பத்து அறையில் ஆளை முழுசாக எடுக்க முடியாது. அதற்கு நான்கு மீட்டராவது பின்னால் போக வேண்டும். கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி லென்ஸில் இல்லை, அதனால் ஷட்டர் வேகத்தை 125-க்கு (நொடியில் 125-ல் ஒரு பங்கு) கீழே இறக்காதீர்கள். 1.8-ல் வெள்ளைத் துணி, வானம் சந்திக்கிற ஓரங்களில் ஊதா நிறம் எட்டிப் பார்க்கும், 2.8-க்கு வந்தால் குறையும். கேமரா அணைந்திருக்கும்போது ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினாலும் எதுவும் நகராது. ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி கொஞ்சம் வெளியே வரும். அதை உள்ளே வரவைத்துவிட்டுக் கேமராவை அணைப்பது நல்லது, பையில் இடிபட்டால் உள்ளே ஃபோகஸ் செய்யும் மோட்டாருக்கு ஆகாது.

கேனான் ஆர்50 மாதிரி மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வைத்திருப்பவர்கள் இதை வாங்கி, அதில் மாட்டுவதற்கான அடாப்டருக்கும் தனியாகச் செலவழிக்க வேண்டாம். அந்தக் கேமராக்களில் நேராக மாட்டும் ஆர்எஃப் மவுண்டிலேயே 50 எம்எம் 1.8 கிடைக்கிறது. 200டி, 1500டி வைத்திருந்தால் இதையே வாங்கலாம், செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கும். வாங்கும் இடத்திலேயே உங்கள் கேமராவில் மாட்டி, கிட்டேயும் தூரத்திலுமாக மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து பாருங்கள். முன்பகுதி சிக்காமல் போய்வந்தால் காசைக் கொடுங்கள்.