என்க்ளெக்ஸுக்கு யூவேர்ல்டா, ஆர்ச்சரா, இல்ல கோச்சிங் கிளாஸா?

அமெரிக்காவுல நர்ஸ் லைசென்ஸுக்கு எழுதற பரீட்சைதான் என்க்ளெக்ஸ், யூவேர்ல்டும் ஆர்ச்சரும் அதுக்கு ஆன்லைன்ல காசு கட்டி வாங்கற க்யூ பேங்க், அதாவது பயிற்சிக் கேள்வித் தொகுப்பு. வார்டுல கூட வேலை பாக்குற தங்கச்சிங்க மாத்தி மாத்தி கேட்டுட்டே இருக்காங்க, "அக்கா எதை வாங்கட்டும், எங்க சேரட்டும்"னு. நான் மூணையும் தொட்டுப் பாத்துட்டுதான் பரீட்சை எழுதினேன், கடைசில யூவேர்ல்டு பக்கம் சாஞ்சேன், இப்பவும் அதைத்தான் சொல்வேன். நடுநிலையெல்லாம் இங்க எதிர்பாக்காதீங்க.

விலையை ரெண்டு வரில முடிச்சிடறேன். மூணுல ஆர்ச்சர்தான் மலிவு, யூவேர்ல்டு அதைவிட நல்லாவே ஜாஸ்தி, கோச்சிங் ஃபீஸ் இடத்துக்கு இடம் மாறும். ஆனா பரீட்சைக்கே 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளிய சென்டர் எடுத்தா மேல 150 டாலர், அங்க இருக்கற நர்சிங் போர்டுக்கு அப்ளிகேஷன், சர்ட்டிஃபிகேட் வெரிஃபிகேஷன் செலவெல்லாம் தனி. ஃபெயிலானா குறைஞ்சது 45 நாள் காத்திருந்து பரீட்சை ஃபீஸ் மறுபடி கட்டணும். அதை வச்சுப் பாத்தா க்யூ பேங்க்ல மிச்சம் புடிக்கிற காசு ஒரு காசே இல்ல.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ஒரே ஒரு விஷயம்தான், ரேஷனேல். தப்பா போட்ட கேள்விக்குக் கீழ அவங்க என்ன எழுதிருக்காங்கன்றது.

ஏன்னா நாம படிச்ச படிப்பு அப்படி. பிஎஸ்சி நர்சிங்ல "தைராய்டெக்டமி பேஷண்ட்டுக்கு நர்சிங் மேனேஜ்மென்ட் எழுதுக"ன்னு கேப்பான், நாம டெஃபினிஷன்ல ஆரம்பிச்சு படம் போட்டு நாலு பக்கம் ரொப்பிட்டு வந்துடுவோம். என்க்ளெக்ஸ்ல அப்படி இல்ல. நாலு பேஷண்ட் இருக்காங்க, யாரை முதல்ல போய் பாப்பன்னு கேக்கறான். ஒருத்தருக்கு வயித்துல ஆபரேஷன் ஆகி ரெண்டாவது நாள், வலி பத்துக்கு ஆறு. இன்னொருத்தருக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 90. மூணாவது ஆளுக்கு சுகர் 250. நாலாவது அம்மாவுக்கு நேத்து தைராய்டு எடுத்தாச்சு, வாயைச் சுத்தி மரத்த மாதிரி குறுகுறுன்னு இருக்குன்னு சொல்றாங்க. நம்ம கை நேரா சாச்சுரேஷன் 90-க்குத்தான் போகும், ஏன்னா ஏர்வே, பிரீத்திங், சர்குலேஷன்னு (மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்ன்ற வரிசை) மண்டைல அடிச்சு ஏத்தி வச்சிருக்காங்க. விடை நாலாவது. தைராய்டு எடுக்கறப்போ பக்கத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பில அடிபட்டு கால்சியம் இறங்குது, அந்தக் குறுகுறுப்புதான் முதல் அறிகுறி, விட்டா டெட்டனி (தசை இழுத்துப் பிடிக்கறது), லாரிங்கோஸ்பாசம் (குரல்வளை இறுகறது)னு போய் ஏர்வேயே அடைச்சுக்கும். சிஓபிடி ஆளுக்கு 88-லருந்து 92 வரைக்கும் எதிர்பார்க்கற அளவுதான்.

இதுல நான் கத்துக்கிட்டது சரியான விடையை இல்ல. மத்த மூணும் ஏன் காத்திருக்கலாம்ன்றதைத்தான். யூவேர்ல்டுல அந்த மூணுக்கும் தனித்தனியா காரணம் போட்டிருப்பான், நிறைய இடத்துல படம், டேபிளோட, ஒரு கேள்விய முடிச்சா ஒரு டாபிக் படிச்ச மாதிரி ஆயிடும். ஆர்ச்சர்லயும் ரேஷனேல் இருக்கு, சரியாவும் இருக்கு, ஆனா என் மண்டைல அந்தளவு ஒட்டல. நான் ஆர்ச்சர் போட்டது கடைசி நேரத்துல கொஞ்சம்தான், முழுசா அதுலயே படிச்சவங்க வேற மாதிரி சொல்லலாம், பாஸ் பண்ணவங்களும் நெறைய இருக்காங்க.

டெலிகேஷனும், அதாவது எந்த வேலையை யாருக்குப் பிரிச்சுக் குடுக்கலாம்ன்றதும், இதே கதைதான். நம்ம ஊர்ல பெட் போடறதுலருந்து ஐவி போடறது வரைக்கும் ஸ்டாஃப் நர்ஸ் தலைலதான். அங்க ஆர்என் (ரெஜிஸ்டர்டு நர்ஸ்), எல்பிஎன் (அதுக்கு அடுத்த நிலை நர்ஸ்), யூஏபி (லைசென்ஸ் இல்லாத உதவியாளர்)னு மூணு அடுக்கு. முதல் அசெஸ்மென்ட், டீச்சிங், எவாலுவேஷன் மூணையும் ஆர்என் யாருக்கும் தள்ள முடியாது, ஸ்டேபிளா இருக்கற பேஷண்ட்டோட வைட்டல்ஸ், குளிப்பாட்டறதெல்லாம் யூஏபிக்குக் குடுக்கலாம். அதே மாதிரி எதுவா இருந்தாலும் "டாக்டருக்கு இன்ஃபார்ம் பண்ணு"ன்ற ஆப்ஷனுக்குத்தான் நம்ம கை ஓடும். பிளட் ஏத்தறப்போ ரியாக்‌ஷன்னா முதல்ல பிளட்டை நிறுத்தணும், புது டியூபிங்ல நார்மல் சலைன் ஓட விடணும், அப்புறம்தான் போன். செய்முறைல நமக்குத் தெரியாததில்ல, ஆனா ஆப்ஷனா வந்து நிக்கும்போது கை தடுமாறும். இந்தப் பழக்கத்தை உடைக்க கேள்வியைத் தப்புத் தப்பா போட்டு ரேஷனேலைப் படிச்சுதான் ஆகணும், வேற வழி எனக்குத் தெரியல.

கோச்சிங் கிளாஸுக்கு வருவோம். கிளாஸ்ல நல்லது என்னன்னா ஒரு ஒழுங்கு வரும், கூட நாலு பேர் படிப்பாங்க, பேப்பர் வேலைக்கு வழி சொல்வாங்க. படிப்பு முடிச்சு ரொம்ப வருஷம் ஆனவங்களுக்கு, பீடியாட்ரிக்ஸ், சைக்கியாட்ரி எல்லாம் சுத்தமா மறந்தவங்களுக்கு, அடிப்படையை மறுபடி சொல்லித்தர ஆள் வேணும்னா போங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா நைட் ட்யூட்டி முடிச்சுட்டு வந்து லைவ் கிளாஸ்ல உக்காந்தா பாதி நேரம் தலை தொங்கிடும். நான் கொஞ்ச நாள் போன இடத்துல குடுத்த பிடிஎஃப்ல கேஸ் ஸ்டடியே (ஒரே பேஷண்ட்டை வச்சு வர்ற தொடர் கேள்விங்க) இல்ல, எல்லாம் பழைய கேள்வி. 2023 ஏப்ரல்லயே நெக்ஸ்ட் ஜென்ன்ற புது மாதிரிப் பரீட்சை வந்தாச்சு. இப்போ ஆறு ஆறு கேள்வியா மூணு கேஸ் ஸ்டடி கட்டாயம் வரும், மேட்ரிக்ஸ் (டேபிள்ல டிக் பண்றது), போ-டை (நடுவுல நோய், ரெண்டு பக்கமும் செய்ய வேண்டியதும் கவனிக்க வேண்டியதும்னு நிரப்பறது), ஹைலைட்னு கேள்வி வகை வகையா இருக்கு, கொஞ்சம் சரியா போட்டாலும் அதுக்குண்டான மார்க் உண்டு. செலக்ட் ஆல்ல (சரியான எல்லாத்தையும் டிக் பண்ற கேள்வில) ஒரு தப்பை டிக் பண்ணா வாங்கின மார்க்குலருந்து ஒண்ணு போகும், ஆனா ஜீரோவுக்குக் கீழ போகாது. சேர்றதுக்கு முன்னாடி "போ-டை கேள்வி ஒண்ணு காட்டுங்க"ன்னு கேளுங்க, முழிச்சாங்கன்னா எழுந்து வந்துடுங்க.

கல்ஃப் பரீட்சைக்குப் படிச்சவங்க டெலிகிராம்ல ரீகால் (எழுதினவங்க ஞாபகத்துலருந்து சொல்ற கேள்விங்க) தேடுவாங்க. இதுக்கு அது செட் ஆகாது, நீங்க போடற பதிலைப் பாத்துதான் அடுத்த கேள்வியை கம்ப்யூட்டர் எடுக்குது, கேள்வியை வெளிய சொல்றதும் விதிப்படி தப்பு.

மனசு விஷயத்துல மட்டும் யூவேர்ல்டு கொஞ்சம் ஆளை உடைக்கும். காலேஜ்ல 75, 80 வாங்கின பொண்ணுங்க ஸ்கிரீன்ல 52 சதவீதம்னு பாத்தா அழுதுடுவாங்க. என் ஸ்கோரும் ரொம்ப நாள் ஐம்பதுகள்லயே கிடந்துச்சு, பாஸும் ஆனேன். பரீட்சையும் அப்படித்தான், சரியா போட போட கஷ்டமாக்கிட்டே போவான், நல்லா எழுதறவங்களுக்கும் பாதி தப்பு மாதிரிதான் தோணும். 85 கேள்விலருந்து 150 வரைக்கும் எங்க வேணாலும் நிக்கலாம், நீங்க பாஸ் கோட்டுக்கு மேலயா கீழயான்னு 95 சதவீதம் உறுதியானதும் நிறுத்திடும், 85-ல ஆஃப் ஆச்சுன்னா பாஸ்னும் இல்ல ஃபெயில்னும் இல்ல. 86-வது கேள்வி வந்துச்சேன்னு பதறாதீங்க, இன்னும் ஆட்டத்துல இருக்கீங்கன்னு மட்டும்தான் அர்த்தம். நேரம் அஞ்சு மணி நேரம், பிரேக் குடுத்தா எழுந்து போய் முகம் கழுவிட்டு வாங்க.

ஆர்ச்சர் எங்க உதவும்னா, பட்ஜெட் நிஜமாவே இடிக்குதுன்னா அதை மட்டும் வச்சு ஓட்டலாம், காசு இருந்தா கடைசி நேரத்துல அதுல இருக்கற ரெடினெஸ் அசெஸ்மென்ட்டுக்காக (பரீட்சைக்கு ரெடியான்னு பாக்கற மாதிரித் தேர்வு) சேத்து வாங்கலாம். கேள்வி நீளமும் நடையும் ஒரிஜினல் மாதிரியே இருக்குன்னு எழுதிட்டு வந்தவங்க சொல்றாங்க, எனக்கும் ஓரளவு அப்படித்தான் தோணுச்சு.

யூவேர்ல்டு வாங்கறவங்களுக்கு ஒண்ணு, அவசரப்பட்டு ஆக்டிவேட் பண்ணாதீங்க. ஆக்டிவேட் பண்ண நாள்லருந்து கணக்கு ஓட ஆரம்பிச்சிடும், நம்ம காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்டும் கவுன்சில் வெரிஃபிகேஷனும் போய்ச் சேர மாசக்கணக்காகும். அதுக்குள்ள சப்ஸ்கிரிப்ஷன் காலாவதியாயிடும், அப்புறம் ரினியூவலுக்கு வேற அழணும். பேப்பர் எல்லாம் போர்டுக்குப் போய்ச் சேந்து, எலிஜிபிலிட்டி (பரீட்சை எழுத அனுமதி) பக்கத்துல வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் ஆரம்பிங்க, அதுவரைக்கும் பழைய மெட்-சர்ஜ் (மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்) புக்கையே புரட்டுங்க, லேப் வேல்யூஸ் மனப்பாடம் பண்ணுங்க. ரெண்டு பேர் சேந்து ஒரே அக்கவுண்ட் வாங்கற ஐடியாவும் வேணாம், விதிக்கும் புறம்பு, உங்க ஸ்கோரும் அவ ஸ்கோரும் கலந்து யாருக்கு எதுல வீக்குன்னே தெரியாம போயிடும்.