ஒரே ஏற்பி, இரண்டு வெட்டு: த்ராம்பினா, ஏபிசியா?

போன ஞாயிறு அல்சூர் வீட்டு மாடியில் அக்கா மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பயோடெக் மூன்றாம் ஆண்டு. "சித்தி, த்ராம்பினும் ஏபிசியும் ஒரே ரிசப்டரைத்தான் வெட்டுதாம். அப்புறம் எப்படி ஒண்ணு ரத்தக்குழாயைக் கசிய விடுது, இன்னொண்ணு கசியாம காக்குது?"

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பிடி டெஸ்டில் பிளாஸ்மா எத்தனை நொடியில் உறைகிறது என்றுதான் பார்ப்போம். அந்தக் கணக்கில் த்ராம்பின் உறைய வைக்கும் நொதி, 'ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி' எனும் ஏபிசி அதற்குக் கடிவாளம். ஆனால் டெஸ்ட் டியூபுக்கு உயிருள்ள சுவர் கிடையாது. உடம்பில் ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுக்கச் செல்கள் பதிந்திருக்கின்றன. அவற்றோடு இந்த இரண்டும் பேசுவது பார்-1 என்ற ஏற்பி (ரிசப்டர், அதாவது வெளிச் சேதியை வாங்கிச் செல்லுக்குள் அனுப்பும் புரதம்) வழியாக. 1991-இல் ஷான் காஃப்லின் குழுவினர் விளக்கிக் காட்டிய அதன் அமைப்பு இன்றைக்கும் எனக்கு வியப்புதான். தன்னைத் திறக்கும் சாவியைத் தன் நுனியிலேயே ஒளித்து வைத்திருக்கிறது. நொதி வந்து நுனியை வெட்டினால் சாவி வெளிப்பட்டு, மடங்கி, அதே ஏற்பியில் போய்ப் பொருந்தும். ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்.

த்ராம்பின் வெட்டுவது ஏற்பியின் புரதச் சங்கிலியில் 41-ஆவது அமினோ அமிலத்தை அடுத்து. உடனே செல்லுக்குள் ரோ-ஏ (RhoA) என்ற புரதம் விழிக்கிறது, செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகள் இறுகிச் செல்லைச் சுருக்குகின்றன, செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து நீர் கசிகிறது. காயம் பட்ட இடத்தில் இது தேவை. உடம்பு முழுக்க நடந்தால் ஆபத்து.

ஏபிசி வெட்டுவது 46-இல். ஐந்தே அமினோ அமிலம் தள்ளி! வெளிப்படும் நுனி வேறு, செல்லுக்குள் போகும் சேதியும் வேறு: பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வழியாக ராக்-1 (Rac1) என்ற இன்னொரு புரதம் எழுந்து, செல்களின் பிணைப்பை இறுக்குகிறது. வேகத்தில் ஏபிசி ரொம்பவே பின்தங்கும். அதைச் செல்லோடு பிடித்து வைக்க இபிசிஆர் என்ற துணை ஏற்பி வேண்டும். இன்னொன்று, ரத்தக்குழாய்ச் செல்களின் மேலுள்ள த்ராம்போமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்த த்ராம்பின்தான் இந்த ஏபிசியையே உருவாக்கிவிடுகிறது.

மருந்தென்று வந்தால் எதை நம்புவது? அமெரிக்காவில் 2014-இல் அனுமதி பெற்ற வோராபாக்ஸர் என்ற மருந்து பார்-1-ஐயே அடைக்கிறது. மாரடைப்பைத் தடுக்க உதவினாலும் ரத்தக்கசிவைக் கூட்டுவதால், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கடுமையான செப்சிஸுக்கு (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) 2001-இல் வந்த ஏபிசி மருந்து, உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று பிந்தைய ஆய்வு காட்டியதால் 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. அதிலும் ரத்தக்கசிவு பயம் இருந்தது.

என் ஓட்டு 3கே3ஏ-ஏபிசிக்கு. ஏபிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் மூன்றை அலனின் என்ற வேறொன்றாக மாற்றிய வடிவம் இது. பக்கவாத நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனையை முடித்திருக்கிறது. உறைதலைத் தடுக்கும் சக்தி பெரும்பாலும் போய்விட்டதால், எங்கள் டெஸ்ட் டியூபில் இதை ஊற்றினால் உதவாத சரக்கு என்றுதான் தோன்றும். செல்லிடம் கொண்டுபோனால் 46-இல் வெட்டும் வேலையை அது மறக்கவில்லை.