சிவப்பு லைட் பெல்ட்டும் என் முட்டியும்: 16 மாத அனுபவம்

எனக்கு 54 வயது. தையல் வேலை. பெல்ட் வாங்கிய அன்று எடை 96 கிலோ. வலது முட்டி எட்டு வருஷ வலி, இடது பிறகு சேர்ந்துகொண்டது. எக்ஸ்-ரே பார்த்த டாக்டர் தேய்மானம் நடுத்தரம் என்றார். கடை கீழே, வீடு மாடியில், நடுவில் 19 படி. எந்த மருந்தையும் இந்தப் படியில் வைத்துத்தான் நான் எடை போடுவேன்.

வலி குறைய முட்டியைச் சுற்றிக் கட்டுகிற பெல்ட் இது. உள்பக்கம் 660 நானோமீட்டர் சிவப்பு விளக்குகளும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குகளும் இருக்கின்றன. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இரண்டில் அதுதான் கொஞ்சம் ஆழமாகப் போகும்.

முதல் நாளே வம்பு. பட்டை எட்டவில்லை! விளம்பரத்தில் வந்த கால் எல்லாம் மூங்கில் குச்சி. முட்டி வலி அதிகம் வருவது குண்டானவர்களுக்கு, பெல்ட் தைத்திருப்பதோ ஒல்லியானவர்களுக்கு. 15 செ.மீ. எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் ஒட்டுப்போட்டு நானே தைத்தேன். அப்புறமும் வழுக்கியது. தொடை மேலே அகலம், கீழே ஒடுக்கம், எழுந்து நாலு எட்டு வைத்தால் விளக்கெல்லாம் கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை மடக்கி, சில்லுக்கு இரண்டு பக்கமும் விளக்கு படுகிற மாதிரிக் கட்டி 20 நிமிஷம். எனக்கு முட்டியின் உள்பக்கம் கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கிறது. அதைத் தாண்டுவதற்குள் ஒளி நிறையவே மங்கும் என்று பிசியோதெரபிஸ்ட் முதலிலேயே சொல்லிவிட்டார்.

சர்க்கரை இருப்பவர்கள் கவனம். எனக்குக் காலில் சூடு சரியாக உறைக்காது. சூடு பட்டனையும் சேர்த்துப் போட்டு ஒருநாள் தோல் கன்றிச் சிவந்து நாலு நாள் எரிந்தது. இப்போது ஒளி மட்டும்தான்.

மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்தாவது வாரம் போல, ராத்திரி புரண்டு படுக்கும்போது வரும் குடைச்சல் குறைந்தது. படி மட்டும் அதே படி. “அக்கா, லைட்டு போட்டு எந்திரிச்சதும் டிவி பாக்காதீங்க, கால நீட்டித் தொடைய இறுக்குங்க” என்று பிசியோ தம்பி விரட்டியதால் பெல்ட்டைக் கழற்றிய கையோடு பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். ராத்திரி சோற்றையும் பாதியாக்கினேன்.

ஒன்பதாம் மாதம் சார்ஜ் போடுகிற இடம் போய்விட்டது. விற்றவர்கள் சரிசெய்து அனுப்ப ஏழு வாரம். எரிச்சலாக இருந்தாலும் அந்த ஏழு வாரம்தான் எனக்குக் கணக்கைத் தெளியவைத்தது. பயிற்சியை விடவில்லை. பத்து நாளில் ராத்திரிக் குடைச்சல் திரும்பி வந்தது, படி ஏறும் வலி வரவில்லை. ஆக, தூக்கம் பெல்ட் கொடுத்தது, 19 படி தொடைச் சதையும் குறைந்த எடையும் கொடுத்தது. இப்போது 88 கிலோ. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும் என்று 2005இல் அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் எனக்கு 32 கிலோ, ஒரு அரிசி மூட்டையை இறக்கிவைத்த மாதிரி.

ஆராய்ச்சியும் ஒரே குரலில் பேசவில்லை. 2019இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சரியான அளவில் கொடுத்த லேசர் முட்டி வலியைக் குறைத்தது. அது முட்டியில் புள்ளி புள்ளியாக வைக்கும் லேசர் ஒளி, என் பெல்ட்டில் இருப்பது எல்இடி விளக்கு. இங்கிலாந்தின் 2022 வழிகாட்டுதலோ, ஆதாரம் போதாது, மூட்டுத் தேய்மானத்துக்கு லேசர் கொடுக்க வேண்டாம் என்கிறது. பெட்டியில் “தேய்ந்த சவ்வு மறுபடி வளரும்” என்று அச்சடித்திருந்தது சுத்தப் பொய். என் புது எக்ஸ்-ரேயும் பழையதும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இப்போது வாரம் நாலு நாள் போடுகிறேன். கடைக்கு வருகிற பெண்கள் வாங்கலாமா என்று கேட்டால் டேப்பை எடுத்து முட்டிக்கு மேலே நாலு விரல் தள்ளிச் சுற்றளவு எடுக்கிறேன். 50 செ.மீ. தாண்டினால் நான் வாங்கிய பெல்ட் எட்டாது. ஒட்டுத்தையலுக்கு 60 ரூபாய், வெல்க்ரோ தனி.