குண்டுமணித் தங்கத்துக்கு எந்தக் காயில்?

என் மச்சான் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வேலை பார்க்கிறான். நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் 600 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு கல்கூர்லி பக்கம் போய், செம்மண் காட்டில் தங்கம் தேடி மெட்டல் டிடெக்டரை ஆட்டியபடி நடப்பான். போன மாதம் போனில், "மாமா, 17 இன்ச் காயில் வாங்கலாம்னு இருக்கேன், நல்லா ஆழமா போகுமாம்" என்றான். காயில் என்பது டிடெக்டரின் அடியில் தட்டுபோல இருக்கும் கம்பி வளையம். வேண்டாம்டா என்றேன். ஏன் என்று விளக்குவதற்குள் அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. விளக்கம் இதோ.

அவனிடம் இருப்பது மைன்லேப் ஜிபிஎக்ஸ் 6000. அது, மின்துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பி உலோகத்தின் பதிலைக் கேட்கும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. மெஷினோடு 11 இன்ச் மோனோ காயிலும் 14 இன்ச் டபுள் டி காயிலும் வருகின்றன (இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்). அவன் கேட்ட 17 இன்ச், நீள்வட்ட மோனோ. தனியாக வாங்க வேண்டும். வெளிக் கம்பெனிகளும் இந்த மெஷினுக்குக் காயில் செய்கின்றன. கோய்ல்டெக்கின் கோல்ட்ஹாக் வரிசையில் 10க்கு 5 இன்ச் நீள்வட்டம் ஒன்று உண்டு. போட்டி 17க்கும் அதற்கும்தான்.

குரோம்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன தெரியும் என்று கேட்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இனாமல் செம்புக் கம்பி வாங்கி, 8, 11, 18 இன்ச் என்று மூன்று வளையம் நானே சுற்றினேன். ஒரு பல்ஸ் சர்க்யூட்டும் செய்தேன். முதலில் மொட்டை மாடியில் சோதித்தேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாம் ஊளையிட்டது. அப்புறம் ஒரு ஞாயிறு விடியற்காலை பெசன்ட் நகர் கடற்கரை. சோதனைப் பொருள்: வீட்டம்மாவின் தாலிக் குண்டு ஒன்று, மாமியாரின் மோதிரம் ஒன்று. குண்டை நூலில் கட்டித்தான் கொடுத்தார்கள். நூலின் மறுமுனை அவர்கள் விரலில்.

மோதிரத்தைப் பெரிய வளையம் சின்னதைவிட மூன்று இன்ச் அதிகத் தூரத்தில் கண்டுபிடித்தது. மச்சான் சொல்லும் ஆழம் பொய்யில்லை. ஆனால் தாலிக் குண்டை 8 இன்ச் வளையம் மூன்று இன்ச் தள்ளி வைத்தும் சொன்னது. 18 இன்ச் வளையமோ நட்டநடுவில் வைத்தும் வாயைத் திறக்கவில்லை. ஈர மணலுக்குப் போனதும் பெரியது இன்னும் மோசம். உப்புத் தண்ணீருக்கே கத்த ஆரம்பித்தது.

காரணம் சிக்கலானதல்ல. ஒரே சுற்று, ஒரே மின்னோட்டம் என்றால் வளையத்தின் குறுக்களவு இரட்டிப்பானதும் நடுவில் இருக்கும் காந்தப்புலம் பாதியாகிவிடும். அந்தப் பலவீனமான புலம் ஒரு பொடித் துணுக்கில் எழுப்பும் பதிலும் பலவீனம்தான். அதோடு பெரிய வளையம் தனக்குக் கீழே உள்ள மண் முழுவதையும் சேர்த்துக் கேட்கிறது. மண்ணின் இரைச்சலில் குண்டுமணியின் குரல் அமுங்கிப்போகிறது. ஆழத்துக்குப் போனால் கணக்கு வேறு. வளையத்தின் அளவைத் தாண்டிய தூரத்தில், தூரம் இரட்டிப்பானால் சிக்னல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகச் சுருங்கும். அங்கேதான் பெரிய வளையத்துக்கு மரியாதை. ஆனால் அத்தனை ஆழத்திலிருந்து பதில் சொல்ல, தங்கமும் கனமாக இருக்க வேண்டும்.

கனமான தங்கம் ஆழத்தில்தான் கிடக்கும் என்று யார் சொன்னது? 1869இல் விக்டோரியா மாநிலத்தில் கிடைத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் கட்டி, மண்ணுக்கு அடியில் சில சென்டிமீட்டரில்தான் இருந்தது. 1980இல் அதே மாநிலத்தில் டிடெக்டர் கண்டுபிடித்த ஹேண்ட் ஆஃப் ஃபெய்த், 27.2 கிலோ, நம் கணக்கில் 3,400 சவரன், சுமார் ஓர் அடி ஆழத்தில் இருந்தது. இதுபோன்றதை எந்தக் காயிலும் விடாது. வார இறுதியில் போகிறவனுக்குக் கிடைப்பது கால் கிராம், அரை கிராம். குண்டுமணி எடை ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டு முதல் நான்கு குண்டுமணி. அதற்குச் சின்னதுதான்.

17 இன்ச்சுக்கும் வேலை உண்டு. இதுவரை யாரும் ஆட்டாத திறந்த வெளியை வேகமாக அலசிப் பார்க்க அது நல்லது. அங்கே ஒன்று கிடைத்ததும் அதைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டி, ஆமை வேகத்தில் நடக்க வேண்டும். ஆக, பெரியதை வாங்கினாலும் சின்னது தேவைப்படுகிறது.

மோனோவா, டபுள் டியா என்பது அடுத்த தகராறு. மோனோவில் ஒரே வளையம் அனுப்பவும் செய்யும், கேட்கவும் செய்யும். அதன் பார்வை புனல் மாதிரி. கீழே போகப் போகக் கூர்மையாகிவிடும். அதனால் வாசல் பெருக்குவதுபோல, முன்பு இழுத்த இழுப்பின் மேலேயே பாதி ஏறும்படி அடுத்த இழுப்பை இழுக்க வேண்டும். டபுள் டியில் இரண்டு வளையங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பார்வை கத்தி மாதிரி நீளவாக்கில் இறங்கும். மோனோவுக்குக் காது கூர்மை, டபுள் டிக்குப் பொறுமை அதிகம். மச்சானின் 14 இன்ச் டபுள் டியில் உப்பு மண்ணின் சத்தத்தையும் மின்கம்பிகளின் தொந்தரவையும் அடக்கும் வசதி இருக்கிறது. கல்கூர்லியைச் சுற்றி உப்பு ஏரிகள் நிறைய. ஆகவே அது கார் டிக்கியிலேயே கிடக்கட்டும், விற்காதே என்றேன்.

வட்டமா நீள்வட்டமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதர்களுக்கு இடையில் மூக்கை நுழைக்க நீள்வட்டம்தான்.

மெல்போர்னில் புதிதாகத் தொடங்கும் நண்பர் ஒருவர் கோல்ட் மான்ஸ்டர் 1000 என்ற டிடெக்டரைப் பற்றிக் கேட்டார். அது 45 கிலோஹெர்ட்ஸில் ஓடும் விஎல்எஃப் வகை (துடிப்பாக அல்லாமல் அலையை விடாமல் அனுப்புவது), விலை எவ்வளவோ குறைவு. 5 இன்ச் வட்டக் காயிலைப் போட்டால் எறும்புத்தலைத் தங்கத்துக்குக்கூடச் சத்தம் கொடுக்கும். இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் மட்டும் திணறும். அங்கே பல்ஸ் மெஷினோடு மல்லுக்கு நிற்காது.

சென்னையில் இருந்துகொண்டு தேவாலா, கோலார் என்று பழைய தங்கச் சுரங்க ஊர்களைக் கனவு காண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கு ஆஸ்திரேலியாவில் மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, அனுமதித்த நிலத்தில் தேடலாம். இங்கே அப்படி இறங்க முடியாது, 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் இருக்கிறது. புதையல் என்றாலோ 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். கடற்கரையில் தொலைந்த நகையைத் தேடித் தரப் போகிறவர்களும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மோதிரம் பாடும், மெல்லிய சங்கிலி பாடாது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனித் துணுக்காகவே டிடெக்டருக்குத் தெரியும்.

மச்சான் கடைசியில் 10க்கு 5 வாங்கிவிட்டான். முதல் நாளே போன்: "மாமா, சும்மா சும்மா கத்துது." அடியில் மாட்டும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார் என்றேன். உள்ளே ஒரு கைப்பிடி இரும்புக்கல் மண் இருந்ததாம்.